கட்டுண்ட இறைமகன்: ஜான் பனியனின் பியூரிட்டன் பக்தியும் இரட்சணிய யாத்திரிகமும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894), பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பியூரிட்டன் இறையியலாளர் ஜான் பனியனின் பயண உருவகக் கதையைத் தழுவி எழுந்த காப்பியமாகும். கம்பனின் நடையோடு ஒப்பிட்டு இதனை மதிப்பிடுவதே தமிழாய்வில் பெருவழக்கு. பனியனின் கிறித்து மையப் பக்தி எத்தகையது என்பதையும், அது தமிழ்க் காப்பியத்துக்குள் வந்தபோது அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சுமையினின்று விடுபடும் பாவியின் கதை, அன்பினால் கட்டுண்டு நிற்கும் இறைமகனின் காப்பியமாக மாறியுள்ளது என்பதும், அம்மாற்றத்தின் வேர் வைணவப் பக்தி மரபில் உள்ளது என்பதும் இதன் வாதம். ஒடுகத்தூரை உள்ளிட்ட வேலூர்–ஆம்பூர் தோல்தொழில் பகுதியின் வாசகச் சூழலும் கருத்திற் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன், பியூரிட்டன் பக்தி, சரணாகதி, தழுவல், வாசகர்

முன்னுரை

இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் 'கிறித்தவக் கம்பன்' என்னும் தொடரையே வாயிலாகக் கொள்கின்றனர். அவருள் பலர் அவ்வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். கம்பனின் சந்தமும் உவமையும் சொல்லாட்சியும் எந்தெந்தப் படலத்தில் எதிரொலிக்கின்றன எனப் பட்டியலிடுவதோடு ஆய்வு முடிந்துபோகிறது. அப்பட்டியல்கள் பிழையானவை அல்ல. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணச் சூழலில் வளர்ந்த ஒருவர் காப்பியம் பாடும்போது கம்பன் வராதிருந்தால்தான் வியப்பு. ஆயினும் இந்நூலுக்கு இரண்டு பெற்றோர் உண்டு. ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து மற்றவரைப் பெயரளவில் குறிப்பிட்டு நகர்வது முறையாகாது.

கிருட்டிணபிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். 'நற்போதகம்' என்னும் சமய மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக எழுதிய காப்பியத்தை 1894இல் நூலாக வெளியிட்டார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது அது. இரட்சணிய மனோகரம், போற்றித் திருஅகவல் ஆகியனவும் அவருடையவை. 1900இல் மறைந்தார். இத்தகவல்கள் எந்த இலக்கிய வரலாற்று நூலிலும் கிடைப்பவை. மூலநூலாசிரியரான பனியனை வழிபாட்டு மனிதராக, அதாவது கிறித்துவை நோக்கி ஒரு குறிப்பிட்ட முறையில் வாழ்ந்தவராக, அறிந்துகொண்டு காப்பியத்துக்குத் திரும்பினால் அதில் வேறு சில செய்திகள் தென்படுகின்றன.

பனியனின் வழிபாட்டு வாழ்வு

பனியன் 1628இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோவில் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது தந்தையின் தொழில். மகனின் தொழிலும் அதுவே. பள்ளிக் கல்வி மிகக் குறைவு. முதல் மனைவி சீராகக் கொண்டுவந்தவை இரண்டு பக்தி நூல்கள் மட்டும் என்று அவரே எழுதியுள்ளார். அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் கைதான அவர், இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதி கூறியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். கூற மறுத்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். பார்வையற்ற மூத்த மகளை நினைந்து அக்காலத்தில் அவர் எழுதிய பகுதி, பியூரிட்டன்களை உணர்ச்சியற்ற கடுநெறியாளர் என்று கருதுவோர் வாசிக்க வேண்டியது.

பியூரிட்டன் என்னும் பெயர் முதலில் ஏளனமாக இடப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையின் சீர்திருத்தம் பாதியில் நின்றுவிட்டதாகவும், வேதத்தில் ஆதாரமற்ற சடங்குகளை நீக்கித் தூய்மையாக்க வேண்டும் எனவும் கோரியவர்களை அது குறித்தது. அவர்களின் வழிபாட்டுக் கூடத்தில் சிலையும் சித்திரமும் இல்லை. கிறித்துவின் உருவத்தை வரைவதே பிழை என்பது அவர்களின் கொள்கை. வழிபடுவோனுக்கு எஞ்சியவை இரண்டு: கையில் வேதநூல், உள்ளே தன் மனம். மனத்தை நாள்தோறும் வேதவசனத்தின் முன் நிறுத்தி விசாரிப்பதே அவர்களின் பக்தி. பலர் அவ்விசாரணையை நாட்குறிப்பாக எழுதிவைத்தனர்.

சிறையிலிருந்தபடி பனியன் 1666இல் வெளியிட்ட 'கிரேஸ் அபவுண்டிங்' என்னும் தன்வரலாறு இவ்விசாரணையின் உச்சம். தன் உள்ளத்தில் ஒரு குரல் எழுந்து கிறித்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஓயாமல் தூண்டியதாக அதில் கூறுகிறார். உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும் அக்குரல் விடவில்லை. ஒருநாள் களைத்துப்போய், விருப்பமானால் அவர் போகட்டும் என்று மனத்துக்குள் இசைந்துவிடுகிறார். பிறகு நெடுங்காலம், ஒருவேளை உணவுக்காகப் பிள்ளையுரிமையை விற்ற ஏசாவின் கதையே தன் கதை என்று நடுங்குகிறார். வேதவசனங்கள் அவருக்கு வாசிக்கும் பொருள்களாக இல்லை. அவை அவரைத் துரத்தின, தாக்கின, எப்போதாவது தாங்கின.

இந்நடுக்கம் முடிவுக்கு வரும் இடமே நமக்கு முக்கியமானது. ஒருநாள் வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னுடைய நீதி வானுலகில் இருக்கிறது என்னும் எண்ணம் சட்டென்று அவருக்குத் தோன்றியது. கடவுளின் வலப்பக்கத்தில் இருக்கும் கிறித்துவே அந்நீதி. தன் மனம் நன்றாக இருந்தால் அது கூடுவதில்லை. மனம் கெட்டுக் கிடந்தால் குறைவதும் இல்லை. அன்று தன் கால்களின் விலங்குகள் கழன்று விழுந்ததாக அவர் எழுதுகிறார். தன்னைத் துருவித் துருவிப் பார்த்த ஒருவர், தன்னிடம் தேடியது தன்னிடம் இல்லை என்று கண்டு விடுதலை பெறுகிறார். பனியனின் பக்தியைக் கிறித்து மையமானது என்று சொல்வதற்குப் பொருள் இதுவே. ஆனால் அம்மையத்தைச் சென்றடையும் வழி முழுவதும் தன் நெஞ்சின் ஊடாகவே செல்கிறது. கண் மேலே நோக்கினாலும் கால் உள்ளேதான் நடக்கிறது. இந்த முரண்பாடு அவருடைய உருவகக் கதையிலும் தொடர்கிறது.

பயணக் கதையில் சிலுவை

1678இல் வெளிவந்த 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' முதற்பகுதியில் சிலுவைக் காட்சி எத்துணைச் சிறியது என்பதை, நூலை நினைவிலிருந்து பேசுவோர் மறந்துவிடுகின்றனர். கந்தை உடுத்து, முதுகில் சுமையோடு, கையில் புத்தகத்துடன் புறப்பட்ட பயணி ஒரு மேட்டை அடைகிறான். அங்கே சிலுவை நிற்கிறது. சற்றுக் கீழே ஒரு கல்லறை. சிலுவையை அவன் எட்டியவுடன் சுமை தோளினின்று நெகிழ்ந்து, உருண்டு, கல்லறை வாயினுள் விழுந்து மறைகிறது. அவன் வியந்து நின்று அழுகிறான். ஒளிமிக்க மூவர் வந்து வாழ்த்திக் கந்தையைக் களைந்து புத்தாடை அணிவித்து, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரையிட்ட சுருளைத் தருகின்றனர். பயணி மும்முறை துள்ளிக் குதித்துப் பாடிக்கொண்டு செல்கிறான். அவ்வளவே. ஒன்றிரண்டு பக்கங்களில் கதை அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுகிறது.

அச்சிலுவையில் எவரும் இல்லை. கிறித்து பட்ட பாடு அங்கே சொல்லப்படவில்லை. முதற்பகுதி முழுவதிலும் கிறித்து கதைமாந்தராக வந்து நடமாடுவதில்லை. அரண்மனைப் பெண்கள் உணவருந்தியபடி பேசும்போது 'மலையின் தலைவர்' என்று அவரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அவர் போர்வீரர், ஏழைகளுக்காகத் தம் மாட்சியைக் களைந்தவர், குப்பைமேட்டில் பிறந்த இரவலரை இளவரசராக்கியவர் என்பன அவர்கள் தரும் செய்திகள். கிறித்துவே எல்லாம் என்று நம்பிய ஒருவர் எழுதிய கதையில் கிறித்து பெரும்பாலும் பிறர் வாய்ச்சொல்லாகவே வருகிறார். இதனைக் குறை என்று கொள்வதற்கில்லை. உருவத்தை விலக்கி வசனத்தையே பற்றிய பக்தியின் இயல்பான வடிவம் அது. நற்செய்தி நூல்களை மனப்பாடமாக அறிந்த வாசகருக்கு எழுதியவர் பனியன். வெறுமையான சிலுவையைக் காட்டினால் போதும். எஞ்சியதை வாசகரின் நினைவு நிரப்பிக்கொள்ளும்.

கிருட்டிணபிள்ளையின் வாசகர் அத்தகையவர் அல்லர். அவர்களுள் பலர் நற்செய்திக் கதையைப் புதிதாகக் கேட்பவர்கள். ஏனையோர் அதனை விவிலிய உரைநடையில் மட்டும் கேட்டவர்கள். எனவே குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இறைமகனின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். மூலத்தில் ஓரிரு பக்கக் காட்சிக்குப் பின்னால் மறைந்திருந்த முழுக் கதையும் இங்கே முன்னால் வந்து நிற்கிறது. இதனைப் போதனைக்காகச் சேர்த்த இடைச்செருகல் என்று சிலர் கருதக்கூடும். காப்பியத்தின் உணர்ச்சி மையமே இங்குதான் உள்ளது என்பது என் கருத்து.

கட்டு

அப்படலத்தில் இறைமகன் கயிற்றால் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி, தமிழ்நாட்டு அரசின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுப் பரவலாக அறியப்பட்டது. பகைவர் சினத்தோடு கட்டிய கயிறு அவரை நிறுத்திவைக்கவில்லை, மனிதர்மீது கொண்ட அன்பு என்னும் உறுதியான கட்டிலிருந்துதான் அவரால் விடுபட இயலவில்லை என்று கவிஞர் பாடுகிறார். பழிச்சொற்கள் நெஞ்சைத் தீயாய்ச் சுட்டபோதும், வந்த நோக்கம் நிறைவேற வேண்டும் என்பதற்காக அவர் மறுமொழி கூறாது நிற்கிறார்.

பனியனின் கதையில் கட்டுண்டவன் பாவி. சுமை அவன் முதுகோடு கட்டப்பட்டிருக்கிறது. சிலுவையின் முன் அக்கட்டு நெகிழ்கிறது. தமிழ்க் காப்பியத்தில் அதே 'கட்டு' இறைமகனின்மீது வந்து ஏறுகிறது. அவிழும் கட்டிலிருந்து ஏற்கப்படும் கட்டுக்குப் பார்வை நகர்ந்துவிட்டது. வாசகர் பயணியின் முதுகைப் பார்ப்பதை விட்டு இறைமகனின் கைகளைப் பார்க்கத் தொடங்குகிறார். தழுவலாசிரியர் மூலத்தில் செய்த மாற்றங்களுள் இதுவே ஆழமானது என்று கருதுகிறேன். கம்பனைத் தேடுவோர் கண்ணில் இது படுவதில்லை. ஏனெனில் இது கம்பனிடமிருந்து வந்ததன்று.

அன்பினால் கட்டுப்படும் கடவுள் என்னும் கற்பனை தமிழ் வைணவத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. வெண்ணெய் திருடிய கண்ணனை ஆய்ச்சி உரலோடு கட்டுகிறாள். உலகை உண்டு உமிழ்ந்தவன் ஒரு தாம்புக்கயிற்றுக்கு அடங்கி ஏங்கி நிற்கிறான். நம்மாழ்வார் இவ்வெளிமையை நினைந்து பாடத் தொடங்கி, மேலே செல்ல மாட்டாமல் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது உரையாசிரியர் மரபு. மதுரகவியாழ்வாரின் ஒரே பதிகமான கண்ணிநுண் சிறுத்தாம்பு பெயரிலேயே அக்கயிற்றைத் தாங்கி நிற்கிறது. பரத்துவத்தைவிடச் சௌலப்பியத்தை, அதாவது இறைவனின் எட்டாத உயர்வைவிட எளிமையை, வியந்து உருகுவது இம்மரபின் இயல்பு. பெயரிலேயே கிருட்டிணனைத் தாங்கிய ஒருவர் பிலாத்துவின் முன் பிணிக்கப்பட்டு நிற்கும் இயேசுவைப் பாடும்போது, உரலோடு பிணிக்கப்பட்ட பிள்ளையின் நினைவு அவர் சொல்லில் கலவாதிருக்க முடியாது.

பெயரை மாற்றிவைத்த வைணவம் இது என்று இதனைக் கொண்டு எவரேனும் முடிவுகட்டினால் அது தவறு. ஆய்ச்சி கட்டிய கயிற்றில் இரு பக்கமும் அன்பு உண்டு. கட்டியவளும் தாய், கட்டுண்டதும் விளையாட்டு. பிலாத்துவின் முற்றத்தில் கட்டுவோர் வெறுக்கின்றனர். அன்பு கட்டுண்டவரிடம் மட்டுமே இருக்கிறது. லீலை என்று சொல்ல அங்கே ஏதுமில்லை; அடியும் முள்முடியும் ஏளனமும் ஓர் ஆளுநரின் பெயரோடு, வரலாற்றின் ஒரு நாளில், ஒரே முறை நிகழ்பவை. இந்த ஒருமுறைத் தன்மையில் கிருட்டிணபிள்ளை பனியனின் பக்கம் நிற்கிறார். ஆழ்வாரிடமிருந்து பெற்றது உருக்கம்; சீர்திருத்தச் சமயத்திடமிருந்து பெற்றது அவ்வுருக்கத்தின் காரணம்.

வேறொரு பொருத்தமும் உண்டு. நீதி தன்னிடம் இல்லை, கிறித்துவிடம் இருக்கிறது என்று பனியன் வயல்வெளியில் கண்ட உண்மைக்கும், தன் முயற்சி ஒன்றையும் பற்றாமல் இறைவனின் அருளையே பற்றும் சரணாகதிக்கும் இடையே நெருக்கம் இருக்கிறது. தாய்ப்பூனை வாயில் கவ்விச் செல்லும் குட்டியைத் தென்கலை வைணவர் உவமையாகச் சொல்வர். கன்மக் கணக்கைக் கடவுளே தள்ளிவிடுகிறார் என்னும் எண்ணம் தமிழ்ச் செவிக்குப் புதியதன்று. ஆயினும் சரண் புகுந்தவன் பிறகு கவலையற்றிருக்க வேண்டும் என்பது வைணவ ஆசாரியரின் கருத்து. பனியனின் பயணிக்குச் சிலுவைக்குப் பிறகுதான் உண்மையான அச்சங்கள் தொடங்குகின்றன. மரண நிழலின் பள்ளத்தாக்கில் தீயோன் பின்னால் வந்து காதில் கிசுகிசுக்கும் தெய்வ நிந்தையைப் பயணி தன் மனமே பேசுவதாக எண்ணிக் கலங்குகிறான். கிறித்துவை விற்றுவிடச் சொன்ன அதே குரல்தான் அது.

அழுகையும் அழைப்பும்

பனியனின் பயணி சிலுவையின் முன் தனியாக அழுகிறான். தமிழ்க் காப்பியத்தில் ஒரு கூட்டமே அழுகிறது. இறைமகன் படும் பாட்டைக் கண்ட நல்லோர், பூமி ஏன் பிளக்கவில்லை, வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை, உலகம் இன்னும் அழியாமல் தாமதிப்பது ஏன் என்றெல்லாம் கேட்டுக் கலங்குகின்றனர். பெருந்துயரின் முன் இயற்கையை நோக்கி நியாயம் கேட்கும் இக்குரல் எந்தத் தமிழ் இழவு வீட்டிலும் கேட்கக்கூடியது. நற்செய்தி நூல்கள் பூமி அதிர்ந்ததையும் இருள் சூழ்ந்ததையும் இறப்பின் வேளையில் கூறுகின்றன. கவிஞர் அதற்கு முன்பே, ஏளனமும் அடியும் நிகழும்போதே, அவை ஏன் இன்னும் நிகழவில்லை என்று மக்களைக் கேட்க வைக்கிறார். கதை அறிந்தவருக்கு அக்கேள்வியின் விடை தெரியும். ஆகவே துயரம் இன்னும் கனக்கிறது.

பயணி வீட்டை விட்டு ஓடும் தொடக்கக் காட்சியில் மனைவியும் மக்களும் பின்னிருந்து கூவி அழைக்க, அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நம் வாசகர் பலருக்கு அது உறுத்தும். 1684இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியில் மனைவியையும் மக்களையும் அதே வழியில் அனுப்பிவைத்தவர் பனியன்தான். குடும்பமும் சாதியும் சூழ்ந்த ஊரில் 1858இல் சமயம் மாறிய ஒருவருக்கு இக்காட்சி வெறும் உருவகமாக இருந்திருக்க இயலாது. பாடுகளின் படலத்தில் அவர் கூட்டத்தை அழவைத்ததில், மூலத்தின் தனிமையை ஆற்ற முயலும் கை ஒன்று தெரிகிறது.

காப்பியத்தின் இடையே வரும் பதிகங்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டிருப்பதும் இவ்வாறே பொருள்கொள்ளத்தக்கது. பனியனின் கதையிலும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் பயணி சில அடிகள் பாடுகிறான். அவை பெரும்பாலும் நடந்ததை எண்ணிப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவை. சிலுவையடியில் பாடும்போதுகூட அவன் சிலுவையை வாழ்த்தி, அதில் தனக்காக அவமானமுற்றவரைப் படர்க்கையில் குறிப்பிடுகிறான். தேவாரம் என்னும் வடிவம் அப்படிப் பேச விடாது. அது முன்னிலையில் கூப்பிடும், கெஞ்சும், உரிமையோடு சண்டையிடவும் செய்யும். வைணவராகப் பிறந்தவர் சைவத் திருமுறையின் பெயரைத் தம் கிறித்தவப் பாடலுக்கு எடுத்துக்கொண்டதில் சமயப் பிடிவாதத்தைக் காட்டிலும் வடிவத்தைப் பற்றிய தெளிவே மிகுதி. விசாரணை அழைப்பாக மாற வேண்டுமானால் அதற்கேற்ற பா வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். உருவத்தைக் கண்ணுக்கு மறுத்த பியூரிட்டன் சமயம், தமிழில் செவி வழியாக ஒரு திருமேனியைப் பெற்றது.

எவருடைய நூல்?

இத்தனைப் பெறுதலுக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. பனியனின் மொழி சந்தையிலும் பட்டறையிலும் பேசப்பட்ட ஆங்கிலம். ஆக்ஸ்ஃபோர்டில் கற்ற பெரும் இறையியலாளர் ஜான் ஓவன், அந்தப் பாத்திரத் தொழிலாளியைப் போல் பேச வருமானால் தம் கல்வி முழுவதையும் விட்டுவிடுவேன் என்று அரசர் இரண்டாம் சார்லசிடம் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. கிருட்டிணபிள்ளை எதிர்த் திசையில் சென்றார். கல்வி குறைந்தவர் எழுதிய கதையைக் கல்வி நிறைந்தவருக்கான விருத்தமாக்கினார். புலவர் அவையில் கிறித்தவத்துக்கு இடம்பெற அது தேவைப்பட்டது, பெற்றும் தந்தது. 1726இல் நிறைவெய்திய வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குப் பிறகு கிறித்தவக் காப்பியம் என்று தயங்காமல் சுட்டத்தக்க நூல் இதுவே. ஆனால் காப்பியத் தலைவனாக உயர்ந்த பயணியின் முதுகில், கந்தை அணிந்த ஏழையின் கூனல் இப்போது தெரிவதில்லை.

இவ்விழப்பு எங்கே உணரப்படும் என்று கேட்டால், வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூர் போன்ற ஓர் ஊரைச் சுட்டலாம். சவ்வாது மலையடிவாரத்தில், உத்தரகாவேரி ஆற்றை ஒட்டிய பேரூராட்சி அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் தோல்தொழில் பகுதியின் அருகில் உள்ளது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, முன்னர் ஆவாரம்பட்டையாலும் பின்னர்க் குரோம் உப்பாலும் பதனிட்டு, காலணியாகத் தைத்து அனுப்பும் தொழிலில் இப்பகுதியின் பல்லாயிரம் குடும்பங்களின் உழைப்பு இருக்கிறது. ஈரத் தோலை முதுகிலும் தோளிலும் சுமந்து பழகியவர்களுக்கு முதுகுச் சுமை என்பது உருவகமாவதற்கு முன்பே தெரிந்த பொருள்.

பியூரிட்டன் மரபு இப்பகுதிக்கு அயலானதும் அன்று. நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன்களின் வழிவந்த காங்கிரகேஷனல் சபையார் முன்னின்று 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க இலங்கை மிஷனைத் தொடங்கினர். அதில் மருத்துவ ஊழியராகப் பணியாற்றியவர் ஜான் ஸ்கடர். அவர் 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய மக்கள் 1853இல் நிறுவிய ஆர்க்காட்டு மிஷன், பியூரிட்டன்களைப் போலவே கால்வினிய நெறியைச் சார்ந்த அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியது. வேலூர் வட்டாரச் சிற்றூர்களில் அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். குப்பைமேட்டில் பிறந்தவரை இளவரசராக்கிய தலைவர் என்று அரண்மனைப் பெண்கள் பேசும் இடம், இத்தகைய வாசகரின் கையில் எத்தனைக் கூர்மை பெறும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பனியனுக்கு அது ஆன்மாவின் இழிநிலையைக் குறித்த உருவகம். ஊரின் ஓரத்தில் வாழ வைக்கப்பட்டவர் அதனைத் தம் தெருவைப் பற்றிய நேர்ச்சொல்லாகவே வாசிக்கக்கூடும்.

தமிழ்க் கிறித்தவ வீடுகளில் பனியன் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது 'மோட்சப் பிரயாணம்' என்னும் உரைநடை மொழிபெயர்ப்பில். நம் இலக்கிய வரலாறுகள் காப்பியத்தை ஏற்றுக்கொண்டு, உரைநடையைச் சபையாரின் பக்தி நூல் என்று ஒதுக்கிவிட்டன. இவ்வாறு பனியன் தமிழில் இரண்டாகப் பிரிந்தார். உள்ளத்தைத் துருவும் பியூரிட்டன் உரைநடையோடு போனார். இறைமகனின் முன் உருகும் பக்தர் செய்யுளோடு வந்தார். ஒன்றை மட்டும் வாசிப்போர் இவ்விருவருள் ஒருவரையே அறிவர். தழுவலாய்வு என்ற பெயரில் மூலத்தையும் காப்பியத்தையும் ஒப்பிடுவோரும் நடுவில் நிற்கும் இவ்வுரைநடையைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

இன்று ஒடுகத்தூரிலும் ஆம்பூரிலும் மேல்நிலை வகுப்பில் அமரும் மாணவர் எச்சமயத்தவராயினும் கட்டுண்டு நிற்கும் இறைமகனைத் தமிழ்ப் பாடமாகச் சந்திக்கின்றனர். பாடுகளின் செய்யுள்கள் சீர்பிரிக்கப்பட்டு, பொருள் கூறப்பட்டு, இலக்கணக் குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும் கேட்கப்படும். அச்செய்யுள்களுக்குப் பின்னால் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார் என்பதையும், சிறையிலிருந்தபோது குடும்பத்தைக் காக்க, நுனியில் உலோகக் குப்பி பொருத்திய கட்டுக்கயிறுகளை அவர் நூற்றுக்கணக்கில் செய்து விற்றார் என்பதையும் எந்தத் தேர்வும் கேட்பதில்லை. பிற்காலக் காலணிக் கயிறுகளுக்கு அவை முன்னோடி. அக்கயிற்றையும், இறைமகனைப் பிணித்த கயிற்றையும் சேர்த்து நினைக்கக் காலணித் தொழிற்சாலைக்குத் தாயை அனுப்பிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவியை விடத் தகுதியானவர் யார்? மோட்சப் பிரயாணத்தில் சுமை விழும் காட்சியை இரட்சணிய சரிதப் படலத்தின் அச்செய்யுள்களோடு சேர்த்து வகுப்பில் வாசிப்பதற்கு ஒரு பாடவேளை போதும். உரைநடைப் பகுதி இரண்டு பக்கத்தைத் தாண்டாது.